ப்ரோவுக்கு மாலை கிடையாது

எங்கள் பக்கம் 'ப்ரோ' என்ற சொல் எந்த வருஷம் வந்து இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அது ஒரு காலை நேரத்தில் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ்ஸின் படியில் தொற்றினேன். கண்டக்டர், "ப்ரோ, படியில நிக்காதீய, உள்ள வாங்க" என்றார். அவருக்கு என் அப்பா வயது. முந்தின நாள் வரைக்கும் அதே வாயால் "ஏலே, உள்ள போலே" என்று விரட்டியவர். எனக்குப் பதவி உயர்வு கிடைத்த மாதிரி இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் ஏறிய பள்ளிக்கூடத்துப் பையனையும் ப்ரோ என்றார். வாழைத்தாரோடு ஏறிய கிழவரையும் ப்ரோ என்றார். ராஜபாளையம் போய்ச் சேர்வதற்குள் என் பதவி காலாவதியாகிவிட்டது.

ஆனாலும் அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போனது. அது வயது கேட்காது, முறை கேட்காது, எந்தத் தெரு என்று கேட்காது. எங்கள் ஊரில் புதிதாக ஓர் ஆளைக் கூப்பிடுவதற்கு முன் மனசுக்குள் ஒரு விசாரணைக் கமிஷனே உட்கார வேண்டியிருக்கும். அண்ணே என்றால், "எனக்கு அம்புட்டு வயசா ஆயிட்டு?" என்று சிலருக்கு முகம் சுருங்கும். தம்பி என்றால், பெண்டாட்டி பக்கத்தில் நிற்கும்போது முறைப்பான். அண்ணாச்சி என்றால் பலசரக்குக் கடை. மாப்ள என்று சொன்னால், இவன் நம் வீட்டுப் பெண்ணை மனசில் வைத்துக்கொண்டு சொல்கிறானோ என்று யோசிப்பான். பங்காளி என்றால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கிணற்றுப் பங்கு ஞாபகம் வரும்.

பிரதர் என்று ஒன்று உண்டு. ப்ரோவின் முழு வடிவம்தான் பிரதர் என்று நினைப்பவர்கள் பஸ்ஸில் போகாதவர்கள். "பிரதர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று ஒருவர் சொன்னால் அடுத்து கை உங்கள் சட்டைக் காலருக்குத்தான் வரும். பிரதர் சொல்கிறவர் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். ப்ரோ சொல்கிறவர் பாதி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு இரண்டாவது ஆளைத்தான் பிடிக்கும். அவரால் நன்மையும் இல்லை, தொந்தரவும் இல்லை.

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். அது ஆந்திராக்காரருக்குப் புரியாது, எங்களுக்கே ஒரு வாக்கியத்தின் பாதிக்கு மேல் தமிழாகிவிடும். ஆனால் உறவுமுறை மட்டும் இரண்டு மொழியிலும் முழுசாக இருந்தது. வீட்டுக்குள் ஒரு முறை, வாசல் தாண்டினால் வேறு ஒரு முறை. பக்கத்து வீட்டில் ஒருவரை எங்கள் அம்மா அண்ணன் என்பாள், அப்பாவும் அண்ணன் என்பார். நான் மாமன் என்பதா பெரியப்பா என்பதா என்று தெரியாமல் சின்ன வயசில் அவரைப் பார்த்தாலே சந்துக்குள் ஓடுவேன். ப்ரோ வந்ததும் முதலில் அவரைத்தான் கூப்பிட்டுப் பார்த்தேன். செருப்பைக் கழற்றினார்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் டிஸ்பாட்ச் ஆபீஸில் இருக்கிறேன். லாரி வந்ததா, மூட்டை ஏறியதா, டீ குடிக்கப் போன டிரைவர் எங்கே தொலைந்தார் என்று பார்ப்பதுதான் வேலை. பக்கத்து அறை, நூலைச் சோதிக்கிற லேப். அங்கே ஒருத்தி வந்து சேர்ந்தாள். வ. புதுப்பட்டிக்காரி. அப்பா போலீஸில் ஏட்டையாவாக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது தென்னை வைத்திருக்கிறார். ஊரிலிருந்து பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, அங்கே நான் போகும் பஸ்ஸுக்கு மாறுவாள். சேர்ந்த முதல் நாளே என்னை ப்ரோ என்றாள். நானும் அவளை ப்ரோ என்றேன்.

பெண்பிள்ளையைப் போய் ப்ரோ என்பதா என்று கேட்டவர்கள் உண்டு. பேர் சொல்லிக் கூப்பிட்டால் மில்லில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். 'ம்மா' என்று கூப்பிட்டால் அவளே ஒரு மாதிரி பார்ப்பாள். தங்கச்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ப்ரோ என்றதும் எல்லாருடைய வாயும் அடைபட்டுவிட்டது. அவள் வாயைத் தவிர. "ப்ரோ, பட்டனை மாத்தி மாட்டிட்டு வந்துருக்க ப்ரோ, மில்லு மானத்தை வாங்காத ப்ரோ" என்று ஒரே வாக்கியத்தில் மூன்று தடவை சொல்லுவாள். நான் பஸ்ஸில் ஜன்னலோரம் கைக்குட்டை போட்டு அவளுக்கு இடம் பிடிப்பேன். நான் தாமதமாக வந்தால், லாரி ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறார் என்று மேனேஜரிடம் கூசாமல் சொல்லுவாள். ப்ரோவுக்கு அதற்கு மேல் வேலை கிடையாது.

கூடப் பிறந்தவன் வேலை வேறு. அது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் எனக்கு ஓர் அக்காள் இருக்கிறாள். ராஜபாளையத்திலேயே கட்டிக்கொடுத்திருக்கிறது. மதியச் சாப்பாடு அவள் வீட்டில்தான், அதனால் மதிய ஏச்சும் அங்கேயேதான். அவள் பிள்ளைகள் இரண்டுக்கும் நான்தான் தாய்மாமன். எங்கள் வீட்டுப் பேச்சில் மேனமாம. மூத்தவனுக்குக் காது குத்த மடி கொடுத்தபோது என் பட்டுவேட்டியில் ஒன்றுக்கு இருந்தான். இளையவள் வாந்தி எடுத்தாள். அதோடு போகாது. தலைத் தீபாவளி, பொங்கல், பெண் பெரியவளானால் சீர், பையன் கல்யாணத்தில் முன்வரிசை என்று சாகிற வரைக்கும் டூட்டி. லீவு எழுதிக் கொடுக்க முடியாது. எழுதிக் கொடுத்தால் அக்காள் கிழித்துப் போடுவாள்.

ஆக, ப்ரோ என்பது எது, தம்பி என்பது எது என்பதில் எனக்குக் குழப்பமே இருந்ததில்லை. இரண்டுக்கும் நடுவில் ராஜபாளையத்துக்கும் காசிக்கும் உள்ள தூரம்.

அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பட்டாளத்தில் இருக்கிறவர், தேவதானத்துக்காரர். சாதுவான மனுஷன். என்னை அறிமுகப்படுத்தியதும் அவரும் ப்ரோ என்றார். அவர் அம்மா, அதாவது இவள் மாமியார், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றாள். பக்கத்தில் நின்ற ஏட்டையா, "மகளுக்கு அண்ணன் மாதிரி" என்று சொல்லிவிட்டார். நான் அப்போது இலையில் இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தேன். அந்த 'மாதிரி'யைக் கவனிக்கவில்லை.

அவளுக்குக் கூடப் பிறந்தவர் யாரும் கிடையாது. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டு மச்சினன் சடங்கு செய்தவன் பெரியப்பா மகன். கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் ஏட்டையாவுக்கும் அவர் அண்ணனுக்கும் தென்னந்தோப்பு வரப்பில் சண்டை வந்து, இரண்டு வீடும் பேச்சை நிறுத்திக்கொண்டன. தீபாவளிக்கும் பேசவில்லை, சாவுக்கும் பேசவில்லை. அதில் எனக்கு என்ன வந்தது என்று இருந்தேன். இவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது, பேறுகால லீவு முடிந்து வந்தாள், தேவதானத்திலிருந்து வேறு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள், வாய் மட்டும் அப்படியே இருந்தது.

ஒருநாள் மில் வாசல் டீக்கடையில் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தேன். வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணே" என்றாள்.

பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"ஒன்னையத்தான்ணே. பிள்ளைக்கு முடியெறக்கி காது குத்தப் போறோம். மாமன் மடி வேணும்."

வடை தொண்டையில் நின்றது. டீயை ஊற்றி அனுப்பிவிட்டு, "ஒன் பெரியப்பா மகன்?" என்றேன்.

"அவன் வரமாட்டான். அப்பாவும் கூப்பிட மாட்டாரு." அவள் டீ கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "எங்க அத்தை தெனமும் சொல்லுதாக. மாமன் மடியில்லாத பிள்ளை, நாதியத்த வீட்டுல பொண்ணெடுத்துட்டோம்னு. நான் சோத்துல கை வைக்கப் போகையில சரியாச் சொல்லுதாக. பட்டாளத்துலேருந்து அவிய லீவுல வந்தா போச்சு, அவியளுக்கும் சேர்த்துச் சொல்லுதாக. இந்தக் காது குத்துல ஒரு மாமன் வந்து ஒக்காரலைன்னா, சாகுற வரைக்கும் இதையே சொல்லிக் காட்டுவாக."

இது சாதாரண விஷயம் இல்லை என்று எனக்குப் புரிந்தது. அந்த வீட்டில் அவளுக்காகக் கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறானா இல்லையா என்பதுதான் கேள்வி. ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். எழுந்து வர முடியாது. அதுதான் சிக்கல். உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அந்தப் பையன் கல்யாணத்தில் நான் நரைத்த தலையோடு முன்வரிசையில் நிற்கும் காட்சி எனக்குத் தெரிந்தது.

"பாப்போம்" என்றேன்.

எங்கள் பக்கம் பாப்போம் என்றால் பார்க்க மாட்டோம் என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியும், டீக்கடைக்காரருக்குத் தெரியும், சட்டியில் வேகும் பஜ்ஜிக்கும் தெரியும். அவள் எழுந்தாள்.

"சரிங்க சார்" என்றாள்.

மறுநாள் லேப் ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போதும் சார். மேனேஜர் தேடுகிறார் என்று சொல்லும்போதும் சார். சட்டைப் பட்டனை மாற்றி மாட்டிக்கொண்டு அரை நாள் சுற்றினேன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணே என்பதற்கு நான் பயந்தேன். ஆனால் சார் என்பது இத்தனை தூரம் வலிக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால் அங்கிருந்து ப்ரோவுக்குத் திரும்பும் வழி அடைபட்டுப்போகிறது. அவள் எங்கே போவாள், சாருக்குத்தான் போவாள்.

மதியம் அக்காள் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே விஷயத்தைச் சொன்னேன். தெலுங்கும் தமிழுமாக அவள் பேசியதைத் தமிழிலேயே தருகிறேன்.

"ஒனக்குக் கூறு இருக்கா? எனக்கு இருக்கிறது ஒத்தத் தம்பி. அதையும் பங்கு போடணுமா? ப்ரோ ப்ரோன்னு ஊர்ப்பட்ட பேரு கூப்பிட, பல்லைக் காட்டிட்டுப் போனேல்ல, இப்பப் பாரு. அவியளும் நம்மளும் வேற வேற ஆளுக. நீ போய் நின்னா அவிய வீட்டு ஆளுகளே சும்மா விடுவாகளா?"

"அதனாலதான் பாப்போம்னு சொல்லிட்டேன்."

"நல்லதாப் போச்சு. ரசம் ஊத்தவா?"

"ஊத்து. இப்ப சார்ங்கா."

"யாரு?"

"அவதான். அண்ணேன்னு கூப்பிட்டா. நான் பாப்போம்னேன். இப்ப சார்னு கூப்பிடுதா."

அக்காள் ரசக் கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டாள். என் அக்காள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் உடம்புக்கு என்னவோ என்று நாங்கள் பயப்படுவோம்.

"எம்மகன் காது குத்துக்கு ஒன் பஸ்ஸு லேட்டு, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இருந்தது. அப்போது நான் சென்னையில் இருந்தேன். வழியில் டயர் வெடித்து, ஓடி வந்து சேர்ந்தேன். வந்து சேர்ந்ததும் என்னை ஏசினாள், பிறகு மாலை போட்டார்கள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"நீ வர்றதுக்குள்ள எங்க மாமியா என்ன பேச்சுப் பேசுனான்னு ஒனக்குத் தெரியாது. கோயில் வாசல்ல பிள்ளையை வச்சிக்கிட்டு ரோட்டையே பாத்துட்டு நின்னேன். தம்பி வரலைன்னா நான் இந்த வீட்டுல யாருன்னு நெனச்சேன். செத்த நேரந்தான். ஆனா அந்த நேரம் இன்னும் நெஞ்சுல நிக்கி." கண்ணை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "பட்டுச் சட்டை எந்தக் கடையில எடுக்கப் போற? நீ தனியாப் போவாத, கண்ட கலரையும் எடுத்துட்டு வருவ" என்றாள்.

சாப்பாடு முடிந்து மில்லுக்குப் போனதும் லேப் கதவைத் தட்டினேன்.

"சொல்லுங்க சார்."

"பையன் சட்டை அளவு என்ன?"

அவள் நூலைப் பிடித்திருந்த கை நின்றது. அளவைச் சொன்னாள். நான் வெளியே வந்த பிறகு உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

ஏட்டையா மறுநாளே மில் வாசலுக்கு ஒரு சாக்கு மாம்பழத்தோடு வந்துவிட்டார். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மகள் ப்ரோ என்கிறாள், வயதோ மகன் வயது. இரண்டையும் சேர்த்து, "ப்ரோ தம்பி" என்றார். எந்த நேரத்துக்கு எங்கே வந்து, எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று பந்தோபஸ்து டூட்டி போடுகிற மாதிரி சொன்னார். என் போட்டோ ஒன்று வேண்டும் என்றார். மகள் போனிலேயே இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டிருக்க வேண்டும்.

தேவதானத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், தோப்புகளுக்கு நடுவில் இருந்தது அவர்கள் குலசாமி கோயில். நாங்கள் வேனில் போய் இறங்கினோம். நான், அக்காள், சீர்த்தட்டு தூக்க மில்லில் மூட்டை ஏற்றும் ஆட்கள் சிலர். கோயில் வழியில் பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு, குற்றாலத்தில் குளித்த ஈரத்தலையோடு, நான். மகள் போனில் என் நம்பர் எந்தப் பேரில் இருந்ததோ அதையே பிளெக்ஸ் கடைக்காரர் அடித்திருந்தார். 'தாய்மாமன் ப்ரோ.' அக்காள் அதைப் பார்த்துவிட்டு, "சட்டை போட்ட போட்டோ ஒண்ணு கூடவா இல்ல?" என்றாள்.

எங்கள் பக்கம் தாய்மாமன் தானாகக் கோயிலுக்குள் போய்விடக் கூடாது. தட்டுகளோடு சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். பிள்ளையின் அப்பா வீட்டார் மேளத்தோடு வந்து, மாலை போட்டு அழைத்துப்போக வேண்டும். நாங்கள் புளியமரத்தடியில் நின்றோம். மேளம் கேட்டது. ஆனால் கிட்டே வரவில்லை. ஏட்டையா உள்ளுக்கும் வெளியிலுமாக ஓடி, "செத்த நேரம் ப்ரோ தம்பி" என்றார். பிறகு ஓட்டம் நின்றது. கடைசியாக வந்தபோது அவர் முகம் செத்திருந்தது.

"சம்பந்தியம்மா பிளெக்ஸைப் பாத்துட்டாக. மாப்பிள்ளையோட சித்தப்பா மடியில பிள்ளையை வைக்கச் சொல்லிட்டாக."

நான் தட்டுகளை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போனேன். கூட்டத்துக்கு நடுவில் மாமியார் பேசிக்கொண்டிருந்தாள்.

"ப்ரோவாம் ப்ரோ. மில்லுல கூட வேலை பாக்குதவனுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, தாய்மாமன்னு கொண்டாந்து நிறுத்திருக்கா. நம்ம ஆளும் இல்ல, வீட்டுல தெலுங்கு பேசுதவியளாம். நாதியத்த வீட்டுல பொண்ணெடுத்தா வேற என்ன வரும்?"

சித்தப்பாக்காரர் மனையில் உட்கார்ந்தாயிற்று. நாவிதர் கத்தியைத் தண்ணீரில் நனைத்துவிட்டார். இவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தூண் ஓரமாகத் தலையைக் குனிந்து நின்றாள். என் சட்டைப் பட்டனிலிருந்து மேனேஜரின் முழியாங்கண் வரைக்கும் ஒன்றையும் விட்டுவைக்காதவள், ஒரு வார்த்தை பேசாமல் நின்றாள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்ததே ஒரு கோபம்.

"மேளம் எங்க? மாலை எங்க?" என்று கத்தினேன். "தாய்மாமனைப் புளியமரத்தடியில நிப்பாட்டிட்டு இங்க கத்தியை எடுக்கியளா? எவன் மடியில எவன் பிள்ளையை வைக்கப் பாக்கிய? எந்திரிங்கய்யா மொதல்ல!"

சித்தப்பா பாதி எழுந்தார். எனக்குக் கோபம் ஏறினால் தமிழ் பாதி வழியில் இறங்கிக்கொள்ளும். மீதியைத் தெலுங்கில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கே சரியாக ஞாபகம் இல்லை, பின்னால் வந்த அக்காளே காதைப் பொத்திக்கொண்டாள் என்பது மட்டும் நினைவிருக்கிறது. தமிழ் திரும்பி வந்ததும், "சீரை வேன்ல ஏத்துங்கலே! எந்தங்கச்சியையும் பிள்ளையையும் இப்பவே கூட்டிட்டுப் போறேன். யாருக்கு நாதியில்லைன்னு பொறவு பாப்போம்!" என்றேன்.

பட்டாளத்து மாப்பிள்ளை பயந்துபோய் என் தோளைத் தொட்டு, "ப்ரோ, சில் ப்ரோ" என்றார்.

"யாருக்கு யாரு ப்ரோ? மச்சான்னு கூப்பிடுங்க மாப்ள!"

"சரி மச்சான்" என்றார் அவர். மேலதிகாரி சொன்ன மாதிரி நிமிர்ந்து நின்றுகொண்டார்.

அக்காளும் சும்மா இருக்கவில்லை. மாமியாருக்கு நேராகப் போய், "நாதியில்லையா? அப்ப நாங்க என்ன, வேடிக்கை பாக்க வந்த ஆளுகளா?" என்று பிடித்துக்கொண்டாள். கூட்டத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் துப்பிவிட்டு வந்து, "இம்புட்டுச் சண்டை போடுதாரே, தாய்மாமன்தாம்ப்பா" என்றார். பக்கத்தில் இருந்தவர், "தெலுங்குல சொன்னது ஒண்ணும் வெளங்கல. ஆனா ஏசுன ஏச்சு மாமன் ஏச்சுதான்" என்றார். நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கம் எந்த விசேஷத்திலும் தாய்மாமன் கோபித்துக்கொள்ளாமல் இருந்ததே இல்லை. மாலை வாடியிருந்தது என்பான், மேளம் பாதி வழியில் நின்றது என்பான், இலையில் கறி குறைவு என்பான். தங்கச்சியை அந்த வீட்டில் ஏனோதானோ என்று நடத்த முடியாது என்று ஊருக்குக் காட்டுவதற்குத்தான் அந்தச் சண்டை. அதைப் போடாத மாமனை யாரும் மாமன் என்று நம்ப மாட்டார்கள். ப்ரோவால் அது முடியவே முடியாது. விடு ப்ரோ, சில் ப்ரோ, பாத்துக்கலாம் ப்ரோ என்று ஆற்றிவிடுவதுதான் ப்ரோவின் வேலை. நான் மாமன் என்று காட்டுவதற்காகக் கத்தவில்லை. அவள் தலைகுனிந்து நின்றது பொறுக்கவில்லை, கத்தினேன். அவர்கள் இரண்டையும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். சரியாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

மாமியார் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் யாருக்கோ தங்கச்சி. அவளுக்காகவும் ஒருத்தன் எப்போதோ இதே மாதிரி ஒரு கோயில் வாசலில் வேட்டியை மடித்துக் கட்டியிருப்பான். "ஏலே, மேளத்தைக் கூப்பிடு" என்றாள். "தட்டெல்லாம் முறையா வரட்டும். மாலையை எடுத்துட்டு வாங்க." பிறகு மருமகளைப் பார்த்து, "ஏட்டி, ஒன் அண்ணன் வந்துருக்காக, மரம் மாதிரி நிக்க? கூப்பிடு" என்றாள். 'வந்துருக்காக' என்று அவள் வாயிலிருந்து எனக்கு மரியாதையோடு வந்த முதல் சொல் அது.

மறுபடியும் புளியமரத்தடிக்குப் போய் நின்றோம். இந்தத் தடவை மேளம் வந்தது. மாலை விழுந்தது. மூட்டை ஏற்றும் ஆட்கள் தட்டுகளை லோடு ஏற்றுகிற சுறுசுறுப்பில் தூக்கினார்கள், இரண்டு வாழைப்பழம் உருண்டது. மனையில் உட்கார்ந்தேன். பையனை மடியில் வைத்தார்கள். நல்ல கனம். மொட்டை அடித்து முடிக்கும் வரைக்கும் என் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். குளிப்பாட்டி, அக்காள் எடுத்த மஞ்சள் பட்டுச் சட்டையைப் போட்டுத் திரும்ப மடியில் வைத்தார்கள். வழக்கப்படி வேட்டியையும் நனைத்தான்.

ஆசாரி தங்கக் கம்பியோடு வந்து உட்கார்ந்தார். காது குத்தும்போது பெற்றவள் பார்க்க மாட்டாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இவள் திருப்பவில்லை. என் தோளுக்குப் பின்னால் வந்து மண்டிபோட்டு உட்கார்ந்தாள். கம்பி இறங்கியது. பையன் மலைக்குக் கேட்கிற மாதிரி அலறினான். உடம்பை வில்லாக வளைத்துத் திமிறினான், காலால் என் வயிற்றில் உதைத்தான். அந்தப் பிஞ்சுக் காதில் ஒரு பொட்டு ரத்தத்தைப் பார்த்ததும் என் கை தளர்ந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் கை இல்லை.

அவள் கை பின்னாலிருந்து வந்து என் கைமேல் அழுந்தியது.

"பிடியை விட்டுறாதண்ணே" என்றாள். "இன்னொரு காது இருக்கு."